மலத்தோடு ரத்தம் போனால்...

செகந்திராபாத்தில் ஒரு கொத்தனார் குடும்பம். சொந்த ஊர் தமிழ்நாடு. பிழைப்புத் தேடி வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் இப்படிப் பல தமிழ்க் குடும்பங்கள் உண்டு. இது கற்பனைக் கதைதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது.

கொத்தனாருக்கு வயது 46. ஒரு நாள் அவர் மனைவி துணி துவைத்துக்கொண்டிருந்தார். லுங்கியில் ரத்தக் கறை தெரிந்தது.

"என்னங்க, லுங்கியில ரத்தம்?"

"ஒண்ணுமில்லை. உடம்புச் சூடு. நாள் முழுக்க வெயில்ல நிக்கிறேன்ல."

"எத்தனை நாளா இருக்கு?"

கொத்தனார் பதில் சொல்லவில்லை. ஆறு மாதமாக அவருக்கு மலத்தோடு ரத்தம் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கம். டாக்டர் அந்த இடத்தைப் பார்ப்பாரே என்று கூச்சம். ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கை விரலில் ரத்தம் வந்தால் உடனே காட்டுகிறோம். ஆசனவாயில் ரத்தம் வந்தால் மட்டும் ஏன் மறைக்கிறோம்? அதுவும் உடம்பின் ஒரு பகுதிதானே?

ரத்தம் எங்கிருந்து வருகிறது? எப்போது பயப்பட வேண்டும்? என்ன செய்ய வேண்டும்? வாருங்கள், தெரிந்துகொள்வோம்.

சுவரில் இருந்த விளம்பரம்

கொத்தனார் முதலில் ஒரு தவறு செய்யப் பார்த்தார். பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. அவருக்குத் தெலுங்கும் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். "மூலம், பௌத்திரம். ஒரே ஊசி. ஆபரேஷன் இல்லை. நிச்சயம் குணம்" என்று போட்டிருந்தது.

"ஒரு ஊசியோட முடிஞ்சுடும்" என்றார் கொத்தனார்.

"ஊசி போடுறவர் டாக்டருக்குப் படிச்சவரா?" என்று கேட்டார் மனைவி.

அந்த விளம்பரத்தில் டாக்டரின் படிப்பு இல்லை. பதிவு எண்ணும் இல்லை.

படிக்காத ஆட்கள் போடும் ஊசியால் ஆசனவாய் வெந்து புண்ணாகலாம். சீழ் பிடிக்கலாம். புண் ஆறும்போது வழியே சுருங்கிப் போகலாம். மலத்தை அடக்கும் சக்தியே போய்விடலாம். அப்போது சின்ன நோய் பெரிய நோயாகிவிடும்.

நாம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டோம். அதை இங்கே பயன்படுத்துவோம். போர்டில் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்போம். மாயமருந்து விளம்பரங்களைத் தடுக்க நம் நாட்டில் 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சுவர்களில் விளம்பரம் நின்றபாடில்லை. படிப்பது நல்லது. படித்ததை எல்லாம் நம்புவது நல்லதல்ல.

ரத்தத்தின் நிறம் என்ன சொல்கிறது?

நாம் சாப்பிடும் சாப்பாடு இரைப்பைக்குப் போகிறது. அங்கிருந்து சிறுகுடலுக்குப் போகிறது. பிறகு பெருங்குடலுக்கு வருகிறது. பெருங்குடல் சுமார் ஐந்து அடி நீளம். அதன் கடைசிப் பகுதி மலக்குடல். வாசல்தான் ஆசனவாய்.

இந்த வழியில் எங்கே ரத்தம் கசிந்தாலும் மலத்தோடு வெளியே வரலாம். நிறத்தைப் பார்த்தால் ஓரளவு இடம் தெரியும்.

பளிச்சென்ற சிவப்பு ரத்தம்: பெரும்பாலும் ஆசனவாயிலிருந்து அல்லது மலக்குடலிலிருந்து வருகிறது.

கருஞ்சிவப்பு ரத்தம், மலத்தோடு கலந்து வருவது: குடலுக்குள் இன்னும் மேலே இருந்து வரலாம்.

தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, கெட்ட நாற்றம் வீசும் மலம்: இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிவதன் அடையாளம். வயிற்றுப் புண், குடியால் கெட்ட ஈரல், டாக்டரைக் கேட்காமல் அடிக்கடி சாப்பிடும் வலி மாத்திரை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இது அவசரம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு விஷயம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவக்கலாம். இவை நோய் அல்ல. டாக்டரிடம் போகும்போது என்ன சாப்பிட்டோம், என்ன மாத்திரை எடுத்தோம் என்று சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி காணும் காரணங்கள்

மூலம்

ஆசனவாயின் உள்பக்கம் ரத்தக் குழாய்கள் மெத்தை போல இருக்கின்றன. இவை எல்லோருக்கும் உண்டு. மலம் இறுகி, நாம் முக்கும்போது இவை வீங்குகின்றன. வீங்கியதைத்தான் மூலம் என்கிறோம். உள்மூலத்தில் வலி இருக்காது. மலம் போன பிறகு சிவப்பு ரத்தம் சொட்டும். சிலருக்குச் சதை வெளியே வரும். பிறகு தானே உள்ளே போகும், அல்லது கையால் தள்ள வேண்டியிருக்கும். வெளிமூலத்தில் ரத்தம் கட்டிக்கொண்டால் வலி கடுமையாக இருக்கும்.

கர்ப்பிணிகளுக்கு மூலம் வருவது சாதாரணம். இதை நர்சம்மாவிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

வெடிப்பு

இறுகிய மலம் போகும்போது ஆசனவாய்த் தோல் கிழிகிறது. பிளேடால் அறுத்தது போல வலிக்கும். வலி சில மணி நேரம் கூட நீடிக்கும். ரத்தம் கொஞ்சமாகத்தான் வரும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவோம். அடக்கினால் மலம் இன்னும் இறுகும். வெடிப்பு இன்னும் கிழியும். இந்தச் சுற்றை அறுக்க வேண்டும்.

பௌத்திரம்

ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடைகிறது. அதன் வழியாகச் சிறு துளை விழுகிறது. அதில் சீழும் ரத்தமும் கசியும். இது சாப்பாட்டால் குணமாகாது. டாக்டரின் சிகிச்சை வேண்டும்.

சீதபேதி

வயிற்றைப் பிசையும். காய்ச்சல் வரும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சளியும் ரத்தமும் போகும். கிருமி கலந்த தண்ணீராலும், ஈ மொய்த்த பண்டத்தாலும், கழுவாத கையாலும் இது வருகிறது. அசுத்தமான தண்ணீர் எவ்வளவு ஆபத்தானது என்பதை ஹைதராபாத் பார்த்திருக்கிறது. 2009 மே மாதம் போலக்பூர் பகுதியில் குடிநீரில் சாக்கடை நீர் கலந்தது. வாந்திபேதி பரவியது. பல உயிர்கள் போயின. குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ குடிக்காதீர்கள். வேறு நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். குடிநீர் அதிகாரிகளுக்குப் புகார் கொடுங்கள்.

சீதபேதி வந்தால் ஒரு பொட்டலம் உப்பு சர்க்கரைத் தூளை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கிருமி உள்ளேயே தங்கிவிடும். குழந்தைக்கு ரத்தபேதி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

குடலில் மொட்டு

பெருங்குடலின் உள்சுவரில் சிறு சதை மொட்டுகள் வளரலாம். குழந்தைகளுக்கும் வரும். வலி இல்லாமல் ரத்தம் போகும். பெரியவர்களுக்கு வரும் சில மொட்டுகள் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். முன்னாலேயே எடுத்துவிட்டால் அந்த ஆபத்து இல்லை.

குடல் அழற்சி

சிலருக்குப் பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகிவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ரத்தபேதி நீடிக்கும். இது கிருமியால் வரும் சீதபேதி அல்ல. இதற்கு நீண்ட நாள் மருந்து உண்டு.

புற்றுநோய்

மலக்குடலிலும் பெருங்குடலிலும் புற்றுநோய் வரலாம். வயதானவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் நம் நாட்டில் இளவயதினருக்கும் வருகிறது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கலாம். பலர் "மூலம்தானே" என்று நினைத்து வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து.

பஸ்தி தவாகானாவில்

மனைவி விடவில்லை. கொத்தனாரைப் பக்கத்தில் இருந்த பஸ்தி தவாகானாவுக்கு அழைத்துப் போனார். பஸ்தி தவாகானா என்றால் குடியிருப்புப் பகுதியில் உள்ள சிறு அரசு மருத்துவமனை. ஹைதராபாத்தில் இவை 2018-இல் தொடங்கின. டாக்டரைப் பார்க்கப் பணம் வேண்டாம். மருந்தும் இலவசம்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். எத்தனை நாளாக ரத்தம் போகிறது? என்ன நிறம்? வலி உண்டா? மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறதா? எடை குறைந்திருக்கிறதா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா?

பிறகு ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13-க்குக் குறையக் கூடாது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. கொத்தனாருக்கு 8 தான் இருந்தது.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆமாம்மா. வயசாகுதுன்னு நினைச்சேன்."

வயதால் அல்ல. தினமும் சொட்டுச் சொட்டாக ரத்தம் போனதால் வந்த சோகை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் தங்காது அல்லவா? அது போலத்தான்.

டாக்டரம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஹைதராபாத்தில் உஸ்மானியா ஆஸ்பத்திரி, காந்தி ஆஸ்பத்திரி, நிஜாம் மருத்துவ விஞ்ஞான நிலையம் என்று பெரிய பொது மருத்துவமனைகள் இருக்கின்றன. புற்றுநோய்க்கு என்றே ரெட் ஹில்ஸில் எம்.என்.ஜே. மருத்துவமனை இருக்கிறது. தெலங்கானாவில் ஆரோக்கியஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டம் உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்கள் குடும்பத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று ரேஷன் கார்டையும் ஆதாரையும் காட்டிக் கேளுங்கள்.

சோதனைக்குப் பயப்பட வேண்டாம்

முதல் சோதனை விரலால் செய்வது. டாக்டர் கையுறை போட்டு, வழுவழுப்பான மருந்து தடவி, ஆசனவாய்க்குள் விரலால் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. அடுத்து ஒரு சிறு குழாயை வைத்து உள்ளே பார்ப்பார். தேவைப்பட்டால் கேமரா உள்ள மெல்லிய நீளக் குழாயால் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் மருந்து குடித்துக் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும். வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள்.

பெண்கள் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லாவிட்டால் நர்சைக் கூட நிற்கச் சொல்லலாம். அது உங்கள் உரிமை.

வலிக்குப் பயந்து ஆபரேஷனை மறுத்த காலம் ஒன்று இருந்தது. வலி தெரியாமல் இருக்கக் குளோரோஃபார்ம் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அது உயிருக்கு ஆபத்தா என்று உலகமே சண்டை போட்டது. அதைச் சோதித்துப் பார்க்க 1888-இலும் 1889-இலும் ஹைதராபாத்தில் குழு அமைத்தார்கள். நிஜாம் பணம் கொடுத்தார். அன்றைக்கு அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரியில் குளோரோஃபார்ம் கொடுத்தவர்களில் ஒருவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி என்ற பெண். மயக்க மருந்து கொடுத்த உலகின் முதல் பெண் டாக்டர்களில் ஒருவர் அவர். இன்று அதைவிட நல்ல, பாதுகாப்பான மருந்துகள் வந்துவிட்டன. இன்னும் நாம் பயந்துகொண்டிருக்கலாமா?

கொத்தனாருக்கு என்ன இருந்தது?

அவர் நினைத்தது சரிதான். அவருக்கு மூலம் இருந்தது. ஆனால் அது மட்டும் இல்லை. கேமரா வைத்துப் பார்த்தபோது பெருங்குடலில் ஒரு மொட்டும் இருந்தது. அந்தக் குழாய் வழியாகவே அதை எடுத்துவிட்டார்கள். அது இன்னும் புற்றுநோயாக மாறவில்லை.

மூலத்துக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. சிறு ரப்பர் வளையத்தை மாட்டினார்கள். அந்தச் சதைக்கு ரத்த ஓட்டம் நின்றது. சில நாளில் அது சுருங்கி விழுந்துவிட்டது. சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள்.

மறைத்தே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுவர் விளம்பரத்தை நம்பி ஊசி போட்டிருந்தால் அந்த மொட்டை யார் பார்த்திருப்பார்கள்?

மூலம் இருப்பவருக்கு வேறு நோய் வராது என்பது இல்லை. அதனால்தான் நாமே முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

டாக்டர் பார்த்து, மூலம் அல்லது வெடிப்பு என்று சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் நம் கையில்தான்.

நார்ச்சத்து சாப்பிடுங்கள். மலம் இளகிப் போனால் மூலமும் அடங்கும், வெடிப்பும் ஆறும். எதைச் சாப்பிடலாம் என்று ஆராய்ந்து சொல்லும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஹைதராபாத்தில் தார்நாகாவில் இருக்கிறது. அது பிறந்தது நம் நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில், 1918-இல். 1958-இல் ஹைதராபாத்துக்கு வந்தது. அந்த நிறுவனம் 2024-இல் ஒரு உணவு வழிகாட்டி வெளியிட்டது. பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் சாப்பிட வேண்டும் என்கிறது.

இதற்கு ஆப்பிள் வாங்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, அவரைக்காய், கொத்தவரங்காய், வாழைத்தண்டு போதும். கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் போதும். கேழ்வரகுக் களி நல்லது. ஹைதராபாத்தில் மாலை நேரத்தில் தெருவில் சுட்டு விற்கும் ஜொன்ன ரொட்டி நல்லது. அது நம் சோள ரொட்டிதான். முழுப் பயறும் சுண்டலும் சேருங்கள். இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். அதோடு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்.

தண்ணீர் குடியுங்கள். நாளுக்கு 2 லிட்டராவது வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் அதிகம் வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் டாக்டர் சொன்ன அளவு குடியுங்கள்.

முக்காதீர்கள். மலம் வரும்போது போங்கள். அடக்காதீர்கள். கழிப்பறையில் செல்போன் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்காராதீர்கள்.

வெந்நீரில் உட்காருங்கள். அகலமான தொட்டியில் இளஞ்சூடான வெந்நீர் ஊற்றுங்கள். இடுப்பு நனையும்படி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம். வலி குறையும்.

"சூட்டால்தான் மூலம் வருகிறது" என்பார்கள். வெயில் நேரடியாக மூலத்தை உண்டாக்குவதில்லை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மலம் இறுகும். அதனால்தான் மூலம் வருகிறது. காரமும் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் எரிச்சலைக் கூட்டலாம்.

பெண்கள் படும் பாடு

கட்டிட வேலைக்குப் போகும் பல பெண்கள் பகல் முழுவதும் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன்? வேலையிடத்தில் கழிப்பறை இல்லை. இருட்டும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். மலம் இறுகுகிறது. மூலமும் வெடிப்பும் வருகின்றன. இது அவர்கள் தவறு அல்ல.

கட்டிடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் சட்டம் வந்தது. வேலையிடத்தில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. கழிப்பறை கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. தனியாகக் கேட்கத் தயங்கினால் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள்.

உடனே ஓட வேண்டிய அடையாளங்கள்

ரத்தம் நிறையப் போகிறது, கட்டி கட்டியாகப் போகிறது.

தலை சுற்றுகிறது, மயக்கம் வருகிறது, உடம்பு சில்லிடுகிறது.

மலம் தார் போலக் கறுத்துப் போகிறது.

ரத்தபேதியோடு கடும் காய்ச்சல் இருக்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்யுங்கள். இந்த இலவச ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்டு 15 அன்று ஹைதராபாத்தில்தான் தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டுக்கும் பல மாநிலங்களுக்கும் பரவியது.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. காரணம் இல்லாமல் எடை குறைவது. மலம் போகும் பழக்கம் சில வாரமாக மாறியிருப்பது. மலம் மெலிந்து வருவது. போன பிறகும் மீதி இருப்பது போலத் தோன்றுவது. சோகை. இவை இருந்தால் சில நாட்களுக்குள் டாக்டரைப் பாருங்கள். 40 வயதுக்கு மேல் முதன்முறையாக ரத்தம் போனாலும் அப்படியே செய்யுங்கள்.

வேறு நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

கொத்தனார் இப்போது மறுபடியும் சாரம் ஏறுகிறார். மதியச் சாப்பாட்டில் கீரை இருக்கிறது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ஒரு நாள் கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் மெதுவாக அருகில் வந்தான்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். யார்கிட்டயும் சொல்லாதீங்க..."

கொத்தனாருக்குப் புரிந்துவிட்டது. "எத்தனை நாளா ரத்தம் போகுது தம்பி?" என்று கேட்டார். "வா, நாளைக்குக் காலையில நானே கூட்டிட்டுப் போறேன்."

கூடிப் பேசுங்கள்

1. மலத்தோடு ரத்தம் போவதைக் கொத்தனார் ஏன் மறைத்தார்? உங்கள் ஊரிலும் இப்படி மறைக்கிறார்களா?

2. மூலத்துக்கும் வெடிப்புக்கும் என்ன வித்தியாசம்?

3. உங்கள் ஊர்ச் சுவரில் மருத்துவ விளம்பரம் இருக்கிறதா? அதில் டாக்டரின் படிப்பும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா? படித்துப் பாருங்கள்.

4. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் உண்டா? இல்லையென்றால் என்ன செய்யலாம்?